நீ ஏறாத பாய்மரப் படகு

என் அக்காச்சிக்கு,

இந்த நேரத்தில் எழுதுவதற்குக் குறை நினையாதே. பகலில் மகள் என் கையை விடுகிறாள் இல்லை. அவள் நித்திரையான பிறகுதான் உன்னோடு கதைக்க முடிகிறது. மாசிக் குளிரில் உன்னை எரித்துவிட்டு வந்த நாளிலிருந்து உனக்கு எழுத வேண்டும் என்றுதான் இருந்தேன். எழுதினால் நீ இல்லை என்று ஆகிவிடும் போலிருந்தது.

ஆடியில் உன்னுடைய தீவுக்குப் போனோம். நானும் இவரும் பிள்ளையும். நீச்சல் குளத்தின் மணத்துக்கே நெஞ்சு அடிக்கும் எனக்கு. அப்படிப்பட்டவள் பாய்மரப் படகில் கிரேக்கக் கடலுக்குப் போனேன் என்றால் நம்புவாயா? உன் போனில் இருந்த படம் ஒன்றில் படகின் பெயர் தெரிந்தது. அதை வைத்து இவர் எலேனியைத் தேடிப் பிடித்தார்.

அதுதான், நீ ஓயாமல் சொல்லும் அந்தப் படகோட்டிப் பெண். துறையில் என் முகத்தைக் கண்டதும் யாரென்று கேட்கவில்லை. கட்டிப் பிடித்துக்கொண்டார்.

நான் ஏன் போனேன் தெரியுமா? நீ சொன்னதெல்லாம் அங்கே இருக்கிறதா என்று பார்க்க. நீ கடைசியாகச் சந்தோஷமாக இருந்த இடம் அது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு கோடை அங்கே போனாய் அல்லவா. முதல் முறை போகும்போது லண்டனில் எங்கள் செவன் கிங்ஸ் வீட்டில் அம்மா போட்ட சத்தம் இன்னும் காதில் நிற்கிறது.

“குமர்ப்பிள்ளை தனியப் படகேறிப் போறாவாம். சனம் என்ன கதைக்கும்?”

“சனத்துக்கு நீந்தத் தெரியாதம்மா. அங்க வராதுகள்.”

அம்மாவே சிரித்துவிட்டார்.

தீவின் மறுபக்கத்துக்குத் தெரு இல்லை. படகில் சுற்றித்தான் போகவேண்டும். மகளுக்குச் செம்மஞ்சள் மிதவைச் சட்டை போட்டோம். “செவ்விளநி ஒண்டு கடலுக்குப் போகுது” என்றார் இவர். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பாய் காற்றுப் பிடித்துப் படகு சரியும் ஒவ்வொரு தடவையும் அவளுடைய சட்டைப் பட்டியை இரண்டு கையாலும் இறுக்கினேன். படகின் விளிம்பில் குனிந்து இரண்டு தரம் சத்தி எடுத்தேன்.

ஆனால் நீ சொன்னதெல்லாம் இருந்தது. கிழக்குக் கரையில் தனித்து நிற்கிற அந்தச் சின்னத் தேவாலயம் இருந்தது. ஆடு உள்ளே போகாமல் கதவுக்கு ஒரு கல்லை அண்டக் கொடுத்திருந்தார்கள். மதியத்தில் வடகாற்று எழும்ப, எலேனி பாயைச் சுருட்டிக் குடாவுக்குள் ஒதுக்கினார். அங்கே அந்தக் குகையும் இருந்தது. தண்ணீரின் வெளிச்சம் மேற்பாறையில் ஆடிக்கொண்டிருந்தது. மகள் அதைப் பிடிக்கக் கை நீட்டினாள்.

“போன வருசம் அக்கா இதுக்குள்ளதானே நீந்தினவா?” என்று எலேனியிடம் கேட்டேன்.

அவர் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார். கை நின்றுவிட்டது. தன் அரைகுறை ஆங்கிலத்தில் மெல்லச் சொன்னார்: “போன வருடமா? உன் அக்கா வரவில்லையே. ஒரே ஒரு கோடைதான் வந்தாள். போன வருடம் இடம் பிடித்துவிட்டுப் பிறகு போன் எடுத்தாள். ஆஸ்பத்திரியில் இருக்கிறேன் என்றாள். அதற்குப் பிறகு பின்னேரத்தில் எடுப்பாள். இன்றைக்கு எந்தப் பக்கம் போனாய், காற்று எப்படி, குகைக்குள் போனாயா என்று கேட்பாள். நான் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருப்பாள்.”

அக்கா, தீவில் நிற்கிறேன் என்று நீ சொன்ன அந்த மூன்று கிழமையும் எங்கள் வீட்டிலிருந்து அரை மணித்தியாலத் தூரத்தில் ஒரு கட்டிலில் கிடந்தாயா? எலேனி சொன்னதைக் கேட்டு, பிறகு எனக்குப் போன் எடுத்து, “இண்டைக்குக் குகைக்குள்ள நீந்தினனான்டி, தண்ணி ஐஸ்” என்று சொன்னாயா? திரும்பி வந்தபோது தலைமயிர் கட்டையாக இருந்தது. உப்புக் காற்றுக்கு நீளமயிர் சரிவராது என்றாய். நானும் வடிவாயிருக்கு என்று தடவிப் பார்த்தேனே. மருந்து ஏற்றினால் கொட்டிவிடும் என்று முதலே நீயாக வெட்டிக்கொண்ட மயிர் அது என்று இப்போதுதான் விளங்குகிறது.

லண்டன் திரும்பியதும் நேரே அம்மாவிடம் போனேன். உள்ளி உரித்துக்கொண்டிருந்தார்.

“அம்மா, போன ஆடியில அக்கா ஆஸ்பத்திரியில இருந்தது உங்களுக்குத் தெரியுமோ?”

“ஓம்.” தலை நிமிரவில்லை.

“எனக்கேன் சொல்லேல்லை?”

“உனக்கு ஏழாம் மாசம். பிள்ளைத்தாச்சிக்கு ஆராவது உதுகளைச் சொல்லுவினமே?”

“பிள்ளை பிறந்தாப்பிறகு?”

“பிறந்தாப்பிறகு சொன்னால் பால் வத்திப்போம் எண்டு சொல்லிப்போட்டாள்.”

“ஆர்?”

“வேற ஆர், கொக்காதான்.”

நாளும் கோயிலுக்கென்று போன அம்மா ரசப் போத்தலோடு உன் கட்டிலடிக்குத்தான் போயிருக்கிறார். பிள்ளையைப் பார்க்க நீ வராததற்குத் தடிமன், வேலை, உன் பக்கத்துக் குரோய்டன் டிராம் ஓடவில்லை என்று எத்தனை காரணம். கடைசியில் எனக்குச் சொன்னபோது உனக்குக் கதைக்க மூச்சு இருக்கவில்லை. என் பால் வற்றவில்லை அக்கா. அதற்காக எனக்குக் கிடைக்காமல் போன உன்னுடைய அந்த மாதங்களை நான் யாரிடம் போய்க் கேட்பேன்?

இப்போது கேள். இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.

பிள்ளைக்குப் பால் கொடுக்கும்போது இடது மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. அம்மாவிடம் பால் கட்டியிருக்கு என்றேன். “முட்டைக்கோவா இலை வைச்சுக் கட்டு” என்றார். கட்டினேன். கரையவில்லை. போன கிழமை ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, சோதிக்கக் கொஞ்சம் தசை எடுத்தார்கள். குடும்பத்தில் யாருக்காவது புற்றுநோய் இருந்ததா என்று கேட்டார்கள். உன்னைப் பற்றிச் சொன்னேன். எழுதிக்கொண்டிருந்த தாதிப் பிள்ளையின் பேனை ஒரு கணம் நின்றது. வியாழக்கிழமை முடிவு சொல்வார்கள்.

இவருக்கு மட்டும் தெரியும். “முடிவு வரட்டும். அதுக்கு முதல் மாமிக்குச் சொல்லவேண்டாம். ஒருக்காப் பட்டவா” என்கிறார். அவர் சொல்வதும் சரிதானே? ஊசி போட்ட அன்று அம்மா போன் எடுத்தார். ஒபிசில் டிரெய்னிங் என்றேன். எந்த இடம், சாப்பாடு தந்தவையோ என்று கேட்டார். பெரிய மண்டபம், ஏசி குளிர், சான்ட்விச்தான் என்று ஒன்றன்பின் ஒன்றாக எனக்கு வந்துகொண்டேயிருந்தது. அம்மா அதற்கு மேல் எதையும் விசாரிக்கவில்லை. பிறகு, “கவனமாப் போட்டு வா” என்றார்.

அம்மாவுக்கு விளங்கிவிட்டதா? விளங்கியும் எனக்காக விளங்காத மாதிரி இருக்கிறாரா? இரண்டு பேரும் இரண்டு வீட்டில் தனித்தனியாகப் பயந்துகொண்டிருக்கிறோமா? என் பிள்ளைக்கு இன்னும் ஒரு வயது முடியவில்லை அக்கா. எனக்கு ஏதும் நடந்தால் அவளுக்கு என் முகம் நினைவிருக்காது. இந்த ஒரு நினைப்பு வந்தால் எழும்பிப் போய் அவள் தொட்டிலடியில் நிற்கிறேன்.

எனக்கு ஆளில்லாமல் ஏலாது. உனக்கும் ஏலாமல்தான் இருந்திருக்கும். இல்லாவிட்டால் ஏன் எங்கோ ஒரு தீவிலிருக்கிற பெண்ணிடம் பின்னேரம் பின்னேரமாகக் காற்றைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தாய்?

நாளைக்குக் காலை அம்மா பிள்ளை பார்க்க வருவார். சப்பாத்தைக் கழற்ற முதலே சொல்லிவிடுவேன். வியாழக்கிழமை அவரையும் கூட்டிக்கொண்டுதான் உள்ளே போவேன். என்ன முடிவு வந்தாலும் என் மகளுக்கு மறைக்கமாட்டேன். அவளுக்கு விளங்கும் வயதில் விளங்கும் மாதிரிச் சொல்வேன். இது உனக்கு நான் தருகிற வாக்கு.

ஆனால் எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. நீ ஒருமுறை அம்மாவுக்கு முன்னால் இருந்து இதைச் சொன்னவள். முதலில் எந்தச் சொல்லைச் சொன்னாய்? கட்டி என்றா, வருத்தத்தின் பெயரையா, இல்லை, கையைப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தாயா? அதை மட்டும் எழுது. விடிந்தால் அம்மா வந்துவிடுவார். கெதியாகப் பதில் போடு.

உனக்குப் பின்னால் பிறந்தவள்,
உன் தங்கச்சி