சோற்றுப் பருக்கையில் ஒட்டிய இலக்கு

பொட்டுக்காரிக்கு,

இன்று காலை என் வீட்டுக் குளிர்ப்பெட்டியை மாற்றினார்கள். புதியதைக் கொண்டுவந்தவர் பழையதை இழுத்து நகர்த்திவிட்டு, பின்னால் இருந்த சுவரைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். தூசிக்கும் ஒட்டடைக்கும் நடுவே ஒரு கறுப்பு வட்டம், நம் ஊர்ப் பழைய ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு. பூஞ்சை பிடித்திருக்கிறது என்று நினைத்தார் போல. நல்ல மனுஷன், ஈரத்துணியோடு குனிந்துவிட்டார். நான் போட்ட சத்தத்தில் துணியைக் கீழே போட்டுவிட்டு என்னைப் பார்த்தார். துடைக்க வேண்டாம், அது என் சிநேகிதி வைத்த பொட்டு என்று சொன்னேன். அவருக்கு என்ன புரிந்ததோ, தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

ஒவ்வொரு முறை குளிர்ப்பெட்டி மாறும்போதும் உனக்குப் போன் போட்டுச் சொல்வேன். "பொட்டு அப்படியே இருக்கு" என்பேன். "இருக்கட்டும், அதுக்கென்ன" என்பாய் மெல்போர்னிலிருந்து. இன்றைக்கும் பழக்க தோஷத்தில் போனைக் கையில் எடுத்துவிட்டேன். நீ கண்ணை மூடி நான்கு மாதம் ஆகிறது என்பது எண்ணைத் தேடும்போதுதான் உறைத்தது. கொஞ்சம் அழுதேன். பிறகு அந்தப் பொட்டைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. அதனால்தான் இந்த மடல்.

எழுபதுகளில், நாம் வந்து குடியேறிய இந்தப் பென்டில் ஹில்லில் தமிழ் பேச ஆள் தேடினால் எனக்கு நீ, உனக்கு நான். நான் திருச்சி, நீ யாழ்ப்பாணம். பிஸ்கட் தொழிற்சாலையில் எதிரெதிரே நின்று டப்பா அடுக்கினோம். முதல் நாளே என்னை "நீர்" என்று கூப்பிட்டாய். கோயில் கல்வெட்டு வாயைத் திறந்து பேசினதுபோல இருந்தது எனக்கு. ஒரே வாரத்தில் நான் உன்னை "டீ" போட்டுப் பேச ஆரம்பித்துவிட்டேன். நீ மட்டும் கடைசிவரை அந்த "நீரை" விடவே இல்லை.

நம் இருவரையும் துப்பாக்கிப் பக்கம் இழுத்தது மேற்பார்வையாளர் ஜோன். அவளும் அவள் கணவன் ரெஜும் ஒரு சின்னப் பிஸ்டல் கிளப்பில் இருந்தார்கள். பெண்கள் யாரும் வருவதில்லை, ஒரு சனிக்கிழமை சும்மா வந்து பாருங்கள் என்றாள். நான் வேடிக்கை பார்க்கத்தான் வந்தேன். நீயோ காதுமூடியை மாட்டிக்கொண்டு நின்றாய், சுட்டாய், கழற்றினாய், மறுபடி மாட்டினாய். என்னடி என்று கேட்டேன்.

"இதைப் போட்டால் ஒரு பிள்ளையும் 'அம்மா' எண்டு கூப்பிடுறது கேக்காது. நான் வாற கிழமையும் வருவன்" என்றாய்.

அவ்வளவுதான் காரணம். பின்னாளில் எத்தனையோ பேர் உன்னிடம் ஏன் சுடப் போனாய் என்று கேட்டார்கள். நீ ஏதேதோ பெரிய பதில்கள் சொன்னாய். நிஜம் எனக்குத் தெரியும்.

போலீஸ் அனுமதிக்கு இரண்டு பேரும் புடவையோடு போய் நின்றதை நினைத்தால் இப்போதும் வயிறு குலுங்குகிறது. அங்கிருந்தவர் நம்மை மேலும் கீழும் பார்த்துவிட்டு, இது உங்கள் கணவன்மாருக்குத் தெரியுமா என்று கேட்டார். தெரியும், பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்கிறார்கள் என்றாய். அவர் எட்டிப் பார்த்தார். நிஜமாகவே நின்றார்கள், பாவம்.

ஆனால் ஆசை ஒரு பக்கம், கைக்காசு ஒரு பக்கம். சொந்தத் துப்பாக்கி என்பதெல்லாம் கனவிலும் கிடையாது. கிளப்பில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு பழைய பிஸ்டல் இருந்தது. அங்கேயே வாங்கிச் சுட்டு, அங்கேயே கொடுத்துவிட்டு வர வேண்டும். தோட்டாதான் பிரச்சினை. மற்றவர்கள் ஒரு சனிக்கிழமையில் ஒரு பெட்டியைத் தீர்ப்பார்கள். நாம் இருவரும் சேர்ந்து ஒரு பெட்டி வாங்கி, அதை வாரக்கணக்கில் இழுப்போம். ஒவ்வொரு தோட்டாவையும் நீ பொட்டுத் தங்கத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போடுவாய்.

பிறகு நீதான் வழி கண்டுபிடித்தாய். "சுடுறதுக்குத்தான் காசு. குறி பிடிக்கிறதுக்கு என்ன காசு?" என்றாய். மறுநாள் என் குசினிக்கு, உன் வார்த்தைதான், உன் சாந்துப் பொட்டுச் சீசாவோடு வந்தாய். மைதானத்தில் நின்று கையை நீட்டினால் இலக்கு அட்டையின் கறுப்பு வட்டம் சுண்டுவிரல் நகத்தில் பாதிக்குள் மறைந்துவிடும் என்று அளந்து வைத்திருந்தாய். அடுப்படியின் இந்தக் கோடியில் நின்று விரலை நீட்டிக்கொண்டு, அந்தக் கோடியில் சுவரோரம் நின்ற என்னை "இன்னும் கொஞ்சம் பெருசா, இன்னும் கொஞ்சம்" என்று விரட்டி விரட்டி அந்தப் பொட்டை வைக்க வைத்தாய். இல்லை, கடைசியில் பொறுமை இழந்து நீயே வந்து வைத்தாய். அதனால்தான் அது உன் பொட்டு.

துப்பாக்கிக்குப் பதில் என் இஸ்திரிப் பெட்டி. கிளப் பிஸ்டலைவிடக் கொஞ்சம் கனம். அதுவும் நல்லதுக்குத்தான் என்றாய். ஒரு கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு, மறு கையால் இஸ்திரிப் பெட்டியை நீட்டிப் பிடித்து, மூச்சைப் பாதியில் நிறுத்தி, சுவரில் உள்ள பொட்டையே பார்த்துக்கொண்டு நிற்போம். அடுப்பில் பருப்பு வேகும். பக்கத்து வீட்டு மால்ட்டாக்கார அம்மா ஒருநாள் ஜன்னல் வழியாக இந்தக் கோலத்தைப் பார்த்துவிட்டாள். அன்று மாலையே என் கணவரைத் தெருவில் நிறுத்தி, வீட்டில் எல்லாம் சுகம்தானா என்று விசாரித்தாளாம்.

கிளப் கட்டணத்துக்கும் ஒரு வழி பிறந்தது. துளைபட்ட இலக்கு அட்டைகளைத் தூக்கிப் போடாமல், துளைமேல் காகிதத் துண்டு ஒட்டி மறுபடி பயன்படுத்துவார்கள். அந்த வேலையை நாம் எடுத்துக்கொண்டால் கட்டணம் வேண்டாம் என்றார் ரெஜ். ஒட்டினோம். பசை தீர்ந்துபோன அன்று, பசைக்கு எதற்குக் காசு, ராத்திரிச் சோறு இருக்கிறதே என்று நம்மில் ஒருத்தி சொன்னாள். அந்த ஒருத்தி யார் என்று நீ சாகும்வரை சண்டை போட்டோம். நீதான். ஊரில் கடித உறையை ஒட்டுவதுபோல, பருக்கையை விரலால் மசித்துத் தேய்த்து ஒட்டினால் காகிதம் அசையவே அசையாது. குளிர்காலம் முழுவதும் நம் ஒட்டு வேலையைக் கிளப்பே மெச்சியது.

கோடைக்கும் சோற்றுக்கும் ஆகாது என்பது அப்போது நமக்குத் தெரியவில்லை.

அடுத்த பருவத்துக்கு நான்கு பேர் கொண்ட அணியைத் தேர்வு செய்யும் நாள் வந்தது. வெளிக் கிளப்புகளோடு மோதும் அணி. அதில் இடம் கிடைத்தால் வருடம் முழுவதும் தோட்டா கிளப் செலவு. அதற்கு முந்தின வாரம் டப்பா அடுக்கிக்கொண்டே நீ மெதுவாகச் சொன்னாய்: "அவருக்கு வேலை போயிட்டுது. இனி தோட்டா வேண்டக் காசில்லை. எடுபட்டால் சுடுவன். இல்லாட்டி இதோடை விட்டுடுவன்." உன் முகத்தைப் பார்க்காமல் நான் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீ வராத சனிக்கிழமையை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

மூன்று இடங்கள் பழைய கைகளுக்குப் போய்விட்டன. நான்காவது இடத்துக்கு நீயும் நானும்தான். ஆளுக்கு ஐந்து தோட்டா. வெயில் மண்டையைப் பிளந்தது. நான் முதலில் சுட்டேன், சுமாராக வந்தது. நீ சுட்டாய். உன் கை இஸ்திரிப் பெட்டியைப் பிடித்த கை, அசையவே இல்லை. ரெஜ் போய் உன் அட்டையை எடுத்து வந்தார். மேசையில் வைத்தார், எண்ணினார், மறுபடி எண்ணினார்.

ஐந்து தோட்டாவுக்கு ஆறு ஓட்டை.

வெயிலில் சோறு காய்ந்து, சுட்ட அதிர்ச்சியில் எங்கோ ஒரு ஒட்டு உதிர்ந்துவிட்டது. எது பழையது, எது புதியது என்று யாருக்கும் தெரியவில்லை. ஆறில் ஒன்று நட்ட நடுவில், அழகாக, பொட்டு வைத்ததுபோல உட்கார்ந்திருந்தது. ரெஜ் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்: குற்றம் அட்டையுடையது, சுட்டவருடையது அல்ல, ஆகவே சிறந்த ஐந்தை எண்ணுவோம். எல்லோரும் சரி என்றார்கள். முதலில் சரி என்றது நான். அந்தக் கணக்குப்படி நீ என்னை முந்திவிட்டாய். எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தில் உன் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

நீ குனிந்தாய். நடு ஓட்டையின் விளிம்பை நகத்தால் சுரண்டினாய். விரல் நுனியில் ஒட்டிய அந்த வெள்ளைத் துணுக்கை ரெஜின் மூக்குக்கு நேரே நீட்டினாய். இது சோறு என்று ஆங்கிலத்தில் விளக்கம் வேறு சொன்னாய். அவர் வாழ்க்கையில் முதன்முறையாகச் சோறு சாட்சி சொல்லிக் கேட்டிருப்பார். பிறகு என் பக்கம் திரும்பினாய்.

"அது நான் சுட்டதுதான். ஆனா இண்டைக்குச் சுட்டதில்லை. போன கிழமை சுட்டது, நீர்தானே ஒட்டினீர்."

ஆமாம், போன வாரம் நான்தான் ஒட்டினேன். நடுவில் விழுந்த அந்தச் சூட்டைப் பார்த்துப் பொறாமைப்பட்டுக்கொண்டேதான் ஒட்டினேன். ரெஜ் நடு ஓட்டையை அடித்துவிட்டு மறுபடி கூட்டினார். ஒரே ஒரு புள்ளி வித்தியாசம். இடம் எனக்கு வந்துவிட்டது.

திரும்பும்போது ஜோனின் காரில் பின்னால் உட்கார்ந்து உன்னைத் திட்டித் தீர்த்தேன். "உனக்கென்ன பைத்தியமா? அவங்களே எண்ணிக்கிறோம்னு சொல்றாங்க, நீ எதுக்குடி சுரண்டினே?" என்றேன். நீ ஜன்னல் பக்கம் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தாய்.

"எண்ணியிருந்தால் வருசம் முழுக்க நான் அந்த ஓட்டையைத்தானே பாத்துக்கொண்டு நிண்டிருப்பன்? சும்மா இரும்" என்றாய்.

சும்மா இருப்பேனா நான்? அணியில் இருப்பவளுக்குத் தோட்டா இலவசம். அப்படியென்றால் நான் வாங்கும் பங்குக்கு ஆள் வேண்டாமா? வழக்கம்போல என் பங்குத் தோட்டாவை வாங்கி உன் கையில் வைத்தேன். வேண்டாம் என்று தள்ளினாய். அப்படியானால் நானும் அணியில் இருக்கமாட்டேன் என்றேன். என்னை முறைத்துவிட்டு, "சரி, வையும். ஆனா ஒட்டுற வேலை முழுக்க என்ரை" என்றாய். பக்கத்தில் நின்ற ரெஜுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் நீ அட்டைகளை எடுத்ததும் விஷயம் புரிந்து, ஒரு பசை டப்பாவைக் கொண்டுவந்து உன் முன்னால் வைத்தார். அணிந்திருந்த தொப்பியைக் கழற்றி, சோறு மட்டும் வேண்டாம் என்று கும்பிடாத குறையாகக் கேட்டார். மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் காதுமூடி போட்டவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்த வருடம் ஒரு சனிக்கிழமைகூட நீ வராமல் இருக்கவில்லை. அடுத்த பருவத்தில் அணியில் நாம் இருவருமே இருந்தோம். அதற்குப் பிறகு உன் கணவருக்கு மெல்போர்னில் வேலை கிடைத்து நீங்கள் போனீர்கள். ரயில் நிலையத்தில் என் கையைப் பிடித்து "போயிட்டு வாறன்" என்றாய். வீட்டுக்கு வந்து பொட்டைப் பார்க்கப் பிடிக்காமல் குளிர்ப்பெட்டியை அதன் முன்னால் நகர்த்தி வைத்தேன். அழிக்க மனம் வரவில்லை.

போன மாதம் ஒரு விழாவில் என்னை மேடைக்குக் கூப்பிட்டு, அந்தக் காலத்திலேயே துப்பாக்கி சுட்ட வீராங்கனை என்று அறிமுகப்படுத்தினார்கள். கைதட்டல் வேறு. எனக்கு உடனே விரல் நகம் துறுதுறுத்தது. யார் என்னைப் புகழ்ந்தாலும் அப்படித்தான், அதில் சோறு ஒட்டியிருக்கிறதா என்று சுரண்டிப் பார்க்கத் தோன்றுகிறது. அது நான் சுட்டதுதான், ஆனால் இன்றைக்குச் சுட்டதில்லை என்று மைக்கில் சொல்லிவிட்டு இறங்கினேன். ஒருவருக்கும் புரியவில்லை. நீ இருந்திருந்தால் முதல் வரிசையில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்திருப்பாய்.

புதுக் குளிர்ப்பெட்டியை எதிர்ச் சுவரில் வைக்கச் சொல்லிவிட்டேன். பொட்டு இப்போது திறந்தவெளியில் இருக்கிறது. இந்தக் காலத்து இஸ்திரிப் பெட்டி வெறும் பிளாஸ்டிக், ஒரு கனமும் இல்லை. ஆனால் உள்ளே தண்ணீர் ஊற்றினால் கொஞ்சம் பரவாயில்லை. ஊற்றியாகிவிட்டது. அடுப்பில் பருப்பு வேகிறது. இந்த மடலை முடித்துவிட்டு எழுந்து, ஒரு கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு நிற்கப் போகிறேன். கை ஆடத்தான் செய்யும். ஆடட்டும். போன கிழமை ஓட்டைகள் எனக்கு ஏராளமாக இருக்கின்றன, அடியே. இன்றைக்கு ஒன்று வேண்டும்.