விட்டுவிட்ட கேள்வி

ஞாயிறு, இரவு

ஆராதனை முடிந்து வந்தபோது, திருவட்டாறு மாமா ஒரு கல்யாண ஆலோசனையோடு வீட்டில் இருந்தார். மாப்பிள்ளைக்குக் குவைத்தில் வேலை. அம்மா அடுக்களைக்கு வந்து, "ஒனக்குப் பிடிச்சிருக்கா மக்கா? சொல்லு," என்றாள்.

எனக்குத் தெரியவில்லை. அடுத்த மாதம் வங்கித் தேர்வு. தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பார்கள், சந்தேகம் என்றால் தொடாதே என்று கோச்சிங்கில் சொல்லிச் சொல்லி அதுவே பழக்கமாகிவிட்டது. பேசாமல் தேங்காய் துருவினேன். அம்மா சற்று நேரம் பார்த்துவிட்டு முன்னறைக்குப் போனாள்.

"அவளுக்குச் சம்மதந்தான் அண்ணே."

நான் விட்ட கேள்விக்கு இன்னொருவர் விடை எழுதுவார் என்று கோச்சிங்கில் யாரும் சொல்லித் தரவில்லை.

முன்னறையில் தூங்கும் மாமா முதல் பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவார். அதற்குள் அம்மாவை எழுப்பி, "தெரியல்லம்மா" என்றாவது சொல்லிவிட வேண்டும்.