படலைப்பரிசு என்ற பெயரை வாங்காதே

2025 மார்ச் 14, வெள்ளிக்கிழமை, பின்னேரம் நாலரை மணி, மானிப்பாய். யதுசனுக்கு நீ காசு அனுப்புவதாகச் சொன்ன நேரத்துக்கு இன்னும் பதின்மூன்று மணித்தியாலம் இருக்கிறது.

அன்புள்ள மகள் அனுஜாவுக்கு,

ஆண்டவர் தயவில் இங்கே மூன்று பேரும் சுகம், அதில் ஒருவருக்குக் கோபமும் இருக்கிறது, அது ஆரென்று உனக்கே தெரியும். ரொறன்ரோவில் நீ நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்கு நித்திரை கொண்டு, தேக சுகத்தோடு இருக்கவேண்டும் என்று அம்மா செபிக்கிறா, நானும் ஆமென் சொல்லுகிறேன். தம்பிக்குத் திங்கட்கிழமை ஓ.எல். சோதனை தொடங்குகிறது, வரலாற்றுப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு கிணற்றடிக்கும் குசினிக்கும் நடையாய் நடக்கிறான், ஏதாவது மண்டையில் ஏறியதா என்று கேட்டால், "அப்பா, நீங்கள் கேக்கக் கேக்க ஏறினதும் இறங்குது" என்கிறான். அம்மாவுக்குச் சீனி வியாதி குறைந்திருக்கிறது. வெய்யில் சகிக்க முடியவில்லை. அம்மா இப்போதுதான் லெந்து ஆராதனைக்குப் போனா, போகும்போது வாசல் படலையில் நின்று, "இஞ்சேருங்கோ, பிள்ளையோடை போனிலை கத்தாதேங்கோ, எழுதுங்கோ, எழுதினாலாவது கொஞ்சம் யோசிச்சுக் கதைப்பியள்" என்று சொல்லிவிட்டுப் போனா. அதனால்தான் இந்தக் கடிதம். நீ கண் விழிக்கும்போது யதுசனின் மெசேஜும் வந்து நிற்கும், அதைத் திறக்க முதல் இதை வாசி.

நீ மறைத்த விசயம் எனக்கு எப்படித் தெரியவந்தது என்று முதலில் சொல்கிறேன். புதன்கிழமை இரவுச் சாப்பாட்டு நேரம் நதானியேல் மாமா வந்தார், கையில் பொலித்தீன் உறையில், காணிக்கு எழுதுகிற மாதிரி ஒரு உறுதிப் பத்திரம். "ஐசே, உன்ரை மகளுக்கு ஒரு பேர் வாங்கியாச்சு, நொத்தாரிசிட்டைப் போய் உறுதியும் முடிச்சாச்சு, இனி அவள் காசை அனுப்புறதுதான் மிச்சம்" என்றார். எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு ஒவ்வொன்றாக வந்தது. வெளிநாட்டில் இருக்கிறவர்களிடம் ஓடர் எடுத்து இங்கேயுள்ள அவர்களின் தாய் தகப்பனுக்குப் பிறந்தநாள் கேக்கும் பூவும் கொண்டுபோய்க் கொடுக்கும் வியாபாரம் தொடங்கப் போகிறாய், அதற்குத் திருநெல்வேலியில் வெப்சைட் செய்கிற யதுசன் என்பவன் மூடிப்போன கடையொன்றின் படலைப்பரிசு டொட் கொம் என்ற பழைய இன்ரநெற் பெயரை உனக்கு விற்கிறான், நீ வேலையில் இரண்டு நாளைக் குறைத்துவிட்டாய், பெட்டிக்கு ஒட்ட ஸ்டிக்கரும் அடித்துவிட்டாய். இருபது வருசமாக நெட்வேர்க் வேலை செய்கிற அப்பன் வீட்டில் இருக்க, காணி வாங்கி விற்றதைத் தவிர வேறொன்றும் அறியாத மாமாவைக் கேட்டாய். அப்பாவிடம் கேட்டால் வேண்டாம் என்பார் என்று நினைத்திருப்பாய். சரியாகத்தான் நினைத்திருக்கிறாய்.

மாமாவில் பிழை சொல்லவில்லை, அவர் தனக்குத் தெரிந்தபடி ஒழுங்காகச் செய்திருக்கிறார். நொத்தாரிசின் கிளாக்கர் பரப்பு எவ்வளவு, நாலெல்லையும் சொல்லுங்கோ என்று கேட்டிருக்கிறார், மாமா "எல்லையில்லாத ஆதனம் எண்டு போடும்" என்றாராம். சாட்சிக்கு இரண்டு பேர், முத்திரை, கையெழுத்து எல்லாம் இருக்கிறது. நான் சொன்னேன், மச்சான், இந்தப் பெயரைப் பதிந்து வைத்திருக்கிற கம்பனி அமெரிக்காவில் இருக்கிறது, அவங்களுக்கு யாழ்ப்பாணத்து நொத்தாரிசையும் தெரியாது உங்களையும் தெரியாது, அவங்களின் கொம்பியூட்டரில் எவனுடைய கணக்குக்குள் பெயர் இருக்கிறதோ அவன்தான் ஆள், இந்த உறுதியை நீங்கள் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு படுக்க அவன் அதே பெயரை இன்னும் நாலு பேருக்கு விற்கலாம். மாமாவின் முகம் கறுத்துப் போயிற்று. அம்மா எனக்குக் கண்ணைக் காட்டினா. நான் நிறுத்தியிருப்பேன், ஆனால் மாமா தன் பக்கத்து ஞாயத்துக்கு ஒன்று சொன்னார். எந்த உறுதியிலும் கேட்கிறது போல நொத்தாரிசு யதுசனிடமும், இந்த ஆதனம் உமக்கு எப்படி உரித்து வந்தது என்று கேட்டாராம், அதற்கு அவன், "நான்தான் அவவுக்குச் செய்து குடுத்தனான், அவ காசு தரேல்லை, அதாலை எனக்குத்தான்" என்றானாம். நான் சோற்றுக் கையோடு எழும்பிவிட்டேன். ஆர் அந்த அவ என்று கேட்டேன். "அது எனக்கென்ன தெரியும் ஐசே, உறுதி சரி" என்றார் மாமா.

வியாழக்கிழமை வேலை முடிந்ததும் நேரே திருநெல்வேலிக்குப் போனேன். பலாலி வீதியில் ஒரு போட்டோக்கொப்பிக் கடைக்கு மேலே அவனுடைய அறை, உன்னைவிட நாலைந்து வயது கூடின பெடியன், நல்லாக் கதைக்கிறான். பெயர் உண்மையில் அவன் கையில்தான் இருக்கிறதா என்று பார்க்க, நான் சொல்லுகிற ஒரு சொல்லை அந்தப் பெயரின் செற்றிங்கில் ஏற்றிக் காட்டு என்றேன், கணக்கின் பாஸ்வேர்ட் வைத்திருக்கிறவனால் மட்டும்தான் அது ஏலும். புளிக்கஞ்சி என்று கொடுத்தேன். ஐந்து நிமிசத்தில் ஏற்றிக் காட்டினான். ஆகவே சாவி அவனிடம் இருக்கிறது, அதில் பொய் இல்லை. ஆனால் சாவி இருக்கிறது என்பதற்காக வீடு அவனுடையது என்று ஆகாது, அதற்காகத்தான் இன்னும் ஒன்று கேட்டேன். காசை நடுவில் நிற்கிற ஒரு கம்பனியிடம் கட்டுவோம், பெயர் அனுஜாவின் கணக்குக்குள் வந்து அவள் தன் பாஸ்வேர்ட்டைப் போட்டுப் பூட்டின பிறகு அவங்கள் காசை யதுசனுக்குக் கொடுக்கட்டும், அதற்குரிய செலவு என்னுடையது என்றேன். "என்ன சேர், எங்கடை ஆக்களுக்குள்ளை நடுவிலை ஒரு வெள்ளைக்காரன் என்னத்துக்கு, நம்பிக்கை இல்லையோ?" என்றான். இல்லை என்றேன். நல்லாப் பகிடி விடுறியள் என்று சிரித்தான். பிறகு, மாதத்துக்கு நானூறு பேர் இன்னும் இந்தப் பெயரைத் தேடி வருகினம், அதுக்குத்தான் இந்த விலை என்று பெருமையாகச் சொன்னான். அவை ஆரைத் தேடி வருகினம் என்று கேட்டேன். போன் வந்திட்டுது சேர் என்று எழும்பினான்.

அழிந்துபோன வெப்சைட்டுகளின் பழைய பக்கங்களைச் சேர்த்து வைத்திருக்கிற இடம் ஒன்று இன்ரநெற்றில் இருக்கிறது, ஆரும் பார்க்கலாம், நீயும் பார்த்திருக்கலாம். அன்றிரவு தேடினேன், ஐந்து வருசப் பக்கங்கள் அப்படியே கிடந்தன. எல்லாவற்றிலும் ஒரே மனுசி, கையில் கேக் பெட்டி, கீழே றொசாந்தி, உரும்பிராய் என்று பெயரும் போன் நம்பரும். இன்றைக்குக் காலை அரை நாள் லீவு போட்டுவிட்டு அந்த நம்பருக்கு எடுத்தேன், வரச் சொன்னா, போனேன். கேக் ஒன்றுக்கு ஐசிங் பூசிக்கொண்டு நின்றா. அப்படியென்றால் வியாபாரம் நிற்கவில்லை, முகநூலிலும் வட்ஸ்அப்பிலும் நடக்கிறது, கடையை மூடிவிட்டா என்று யதுசன் உனக்குச் சொன்னது பொய். விசயத்தைச் சொன்னதும், "தங்கச்சிக்கோ வாங்கப் போறியள்?" என்று என்னைக் கேட்டா. மகளுக்கு என்றேன். "இந்த முகத்துக்கு கனடாவிலை மகளோ, உங்களை எப்பிடி நான் நம்புறது?" என்றா. இருபது வயதில் அப்பன் ஆனவனுக்கு இந்தக் கேள்வி பழகிப்போயிற்று. பிறகுதான் ஐசிங் பையைக் கீழே வைத்தா. "என்ரை பேரை உவன் விக்கிறானோ? விலை பேசினவை ஒருத்தராவது என்னட்டை ஒரு சொல் கேட்டியளோ?" என்றா. ஒருத்தரும் கேட்கவில்லை என்று ஒத்துக்கொண்டேன், உன் சார்பிலும்.

வருசா வருசம் பெயருக்கான காசை அவ யதுசனின் கையில் கொடுத்திருக்கிறா. காசு தரவில்லை என்பதும் பொய்தான், அவனுடைய குரலே வட்ஸ்அப்பில் கிடக்கிறது, "அக்கா, காசும் கிடைச்சுது கேக்கும் கிடைச்சுது, ரெண்டும் இனிப்பு" என்று சொல்லுகிறான், நான் இரண்டு தரம் போட்டுக் கேட்டேன். போன வருசத் தொடக்கத்தில் மூன்று மடங்கு கேட்டிருக்கிறான், அவ மாட்டேன் என்றிருக்கிறா, அடுத்த நாள் வெப்சைட்டும் இல்லை ஈமெயிலும் இல்லை. அந்தக் கிழமையே கனடாவில் இருந்து ஒரு பிள்ளை தாயின் அறுபதாவது பிறந்தநாளுக்கு ஈமெயிலில் ஓடர் அனுப்பியிருக்கிறாள், அது இவவுக்கு வரவேயில்லை, அன்றைக்குத் தாய் படலையைப் பார்த்துப் பார்த்து இருந்ததாம். "என்னைக் கள்ளி எண்டு முகநூலிலை எழுதினாள், நான் அந்த ஓடரைக் கண்ணாலையும் காணேல்லை தம்பி" என்றா.

இப்போது நான் செய்ததைச் சொல்கிறேன், மெதுவாகச் சொல்ல எனக்கு வராது. அங்கேயே இருந்து, பெயரைப் பதிந்து வைத்திருக்கிற கம்பனிக்கு றொசாந்தியின் பெயரில் முறைப்பாடு எழுதினேன், பழைய பக்கங்களையும் அந்தக் குரல் பதிவையும் சேர்த்தேன், அவ வாசித்துப் பார்த்து அனுப்பினா. உன்னிடம் கேட்கவில்லை. அங்கே நடுச்சாமம், நீ எழும்பும் வரைக்கும் பொறுக்க என்னால் முடியவில்லை. கம்பனி அவனுக்கும் அறிவித்திருக்கவேண்டும், மூன்று மணிக்கு யதுசன் கோல் எடுத்துத் தூசணத்தால் பேசிவிட்டு, "சொந்த மகளின்ரை பிழைப்பிலை மண் போட்ட அப்பனை இப்பதான் காணுறன்" என்றான். அம்மாவும் கோயிலுக்குப் போக முதல், "சரியைத்தான் செய்திருக்கிறியள், ஆனால் பிள்ளையிட்டை ஒரு சொல் கேட்டிட்டுச் செய்திருக்கலாம்" என்றா. அவன் சொன்னது ஒன்றும் செய்யவில்லை, அம்மா சொன்னதுதான் என்னை ஒரு இடத்தில் இருக்க விடாமல் உலாத்த வைக்கிறது.

ஒன்றை விளங்கிக்கொள். இப்படியான பெயர்ச் சண்டைகளைத் தீர்க்கவென்றே வெளிநாட்டில் ஆட்கள் இருக்கிறார்கள், அவர்கள் முன்னர் பெயரை ஆர் பாவித்தது என்று பார்ப்பார்கள், வாங்கினவளுக்கு அது தெரிந்திருந்ததா என்றும் பார்ப்பார்கள். நேற்றுவரைக்கும் உனக்குத் தெரியாது. இதை வாசித்த நேரத்தில் இருந்து தெரியும். தெரியாமல் வாங்கினேன் என்று இனி நீ சொல்ல ஏலாது, அந்த வழியை நானே அடைத்துவிட்டேன். சட்டத்தை விடு, அந்த நானூறு பேரும் றொசாந்தி என்று நினைத்து உனக்கு எழுதுவார்கள், நீ என்ன பதில் எழுதுவாய்? ஸ்டிக்கரை உரித்துவிடு. உன் வியாபார யோசனை நல்ல யோசனை, அதை நான் முதலில் சொல்லியிருக்கவேண்டும். ஒருவரும் பாவிக்காத புதுப் பெயர் ஒன்று எடு, உன் பெயரில், உன் ஈமெயிலில், உன் கிரெடிட் காட்டில் இருந்து காசு கட்டி எடு, வெப்சைட் செய்து தருகிறவன் அதையும் சேர்த்து எடுத்துத் தாறன் என்றால் விடாதே, எனக்கும் பாஸ்வேர்ட் தராதே.

கர்த்தர் உன் கையின் வேலையை ஆசீர்வதிக்கட்டும், உன் போக்கையும் வரவையும் காக்கட்டும். இரும்புச்சத்துக் குளிசையை விடாமல் போடு, தேத்தண்ணியோடு சேர்த்துப் போடாதே. இனி நான் செய்யப்போவது இவைதான்:

1. இதை அனுப்பிவிட்டு மாமா வீட்டுக்குப் போவேன். புதன்கிழமை அப்படிக் கதைத்ததற்கு மன்னிப்புக் கேட்பேன். உறுதி எழுதின செலவை நான் கொடுப்பேன், அவர் வாங்கமாட்டார், மாமியிடம் கொடுப்பேன்.

2. தம்பியைத் திங்கள் காலை சோதனை மண்டபத்தில் இறக்கிவிட்டு உரும்பிராய்க்குப் போவேன், கம்பனி கேட்கிற மிச்ச விபரங்களை றொசாந்தியோடு இருந்து அனுப்பவேண்டும்.

3. நீ இவ்வளவையும் வாசித்த பிறகும் இன்றிரவு காசை அனுப்பினால், அனுப்பு, காசு உன்னுடையது. றொசாந்தி உன்மேல் முறைப்பாடு கொடுக்கும்போது அவவுக்குச் சாட்சியாக நான் கையெழுத்து வைப்பேன். அதற்குப் பதில் எழுத உனக்கு ஆள் தேவைப்பட்டால், அதையும் நான்தான் எழுதித் தருவேன், உன்னை வேறு ஆரிடம் விடுகிறது.

உன் அப்பா,
ஜொனதன்