பம்பைத் திருப்பிக் கொடுத்துடாதே

அக்கா, எழுந்ததும் மொதல்ல இதைப் படி. காரை ஸ்டார்ட் பண்ணிடாதே, ரேடியேட்டர்ல சொட்டுத் தண்ணி இல்ல. நேத்து நீ சாப்பிடாமலே படுத்துட்டே. முட்டை அவிச்சு மூடி வச்சிருக்கேன், சாப்பிடு.

பார்ட்ஸ் கடைக்காரர் பம்பைத் திருப்பி எடுத்துக்க காலையிலயே வருவாரு. நீ காருக்கு வாங்குன அந்த வாட்டர் பம்பை அவர்கிட்ட கொடுத்துடாதே. அது நல்ல பம்புதான்.

"ஓட்டை பம்பை உன் தலையில கட்டிட்டாங்க, பாத்து வாங்கத் தெரியாதா"ன்னு உன்கிட்ட கத்துனேன்ல? நீயும் என்னை நம்பி அந்த மனுஷனைப் போன்ல கிழி கிழின்னு கிழிச்சே. ஆனா தப்பு என்னுது.

கழட்டுன போல்ட்டையெல்லாம் நீ எது எந்த எடம்னு தெரியுற மாதிரி அட்டையில குத்தி வச்சிருந்தேல்ல? பளபளன்னு இருக்கட்டுமேன்னு மொத்தத்தையும் மண்ணெண்ணெய்ல கொட்டிக் கழுவிட்டேன். நீளம் குட்டை பாக்காமலே மாட்டிட்டேன். நீள போல்ட்டு குட்டை ஓட்டைக்குள்ள முட்டி நின்னுடுச்சு. அதான் பம்பு ஒட்டி உக்காரல, தண்ணி ஒழுகுச்சு. இப்ப கழட்டிப் பாத்ததும்தான் புரிஞ்சுது. சத்தமில்லாம மாத்தி மாட்டிட்டு உன்கிட்ட மறைச்சிடலாமான்னு கூட தோணுச்சுக்கா. ச்சீன்னு ஆயிடுச்சு.

அவர் கடையைத் தொறக்கும்போதே பிடிச்சு உண்மையைச் சொல்லிடலாம்னு கிளம்பிட்டேன். அவர் நம்பர் உன்கிட்டதான் இருக்கு, உன்னை எழுப்பிக் கேக்க மூஞ்சி இல்ல.

நீ தூக்கக் கலக்கத்துல ஸ்டார்ட் பண்ணிடக் கூடாதுன்னு கார் சாவியை என் பாக்கெட்லயே வச்சுக்கிட்டேன். வீட்டுச் சாவி ஆணியில.

இன்னொண்ணு. வழியில என்னைப் பாக்காம அவர் நேரா அங்க வந்துட்டா, உன்கிட்ட மன்னிப்புதான் கேப்பாரு. கேக்க விடாதே. உக்கார வச்சு டீ போட்டுக் குடு. நான் ஓடி வந்துடுறேன்.