மூன்றாவது கட்டையில் இரண்டு பேர்

பிப்ரவரி 9

சுண்டு,

நீ என் பாட்டைக் கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டிய அன்று முன்னறையில் இருந்தவர்கள்: நான்; என் மகன், அதாவது உன் மாமா; மடியில் பட்டாணித் தட்டோடு அவன் பெண்டாட்டி; உனக்கு வேலை கொடுக்கலாமா என்று பார்க்க வந்து, கேட்காமல் கொள்ளாமல் என் நாற்காலியில் உட்கார்ந்த ஸ்டுடியோக்காரர்; லேப்டாப்புக்கு முன்னால் நீ. ஐந்து பேர். ஆறாவதாக ஒருவரும் இல்லை. இதை முதலில் எழுதி வைக்கிறேன். இப்போதெல்லாம் இந்த வீட்டில் நான் எது சொன்னாலும் சரிதானா என்று இன்னொருவரிடம் கேட்டுக்கொள்கிறார்கள்.

உன் அம்மாவுக்கு நான் பாடிய தாலாட்டின் மூன்றாவது ஸ்வரம் கம்ப்யூட்டரின் எந்தக் கட்டையிலும் உட்காரவில்லை, அதனால் என் ஸ்வரங்களை அதற்குச் சொல்லிக் கொடுத்திருப்பதாகச் சொன்னாய். பிறகு மூன்றாவது கட்டையை அமுக்கினாய்.

"எப்படி பாட்டி?"

"ரெண்டு பேர் பாடுறாங்கடி. ஒருத்தி நம்மாளு. இன்னொருத்தி பக்கத்துலயே ஒட்டிக்கிட்டு நிக்கிறா."

மருமகள் சிரித்தாள். "அந்த இன்னொருத்திக்கு வயசு என்ன அத்தை?" என்றாள். நீ மறுபடி அமுக்கினாய். மறுபடியும் இரண்டு பேர். குனிந்து என்னமோ செய்துவிட்டு மூன்றாம் தடவை அமுக்கினாய்.

"இப்ப அவ போயிட்டா" என்றேன்.

அப்போது யாரும் சிரிக்கவில்லை. உன் மாமா பெண்டாட்டியைப் பார்த்தான். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். என் அம்மாவை என் அண்ணன் அப்படித்தான் பார்த்தான். அதற்குப் பிறகு அவள் ஒன்பது வருஷம், வெளியே தாழ்ப்பாள் போட்ட அறையில் இருந்தாள். அண்ணனின் சாவுக்குக்கூட நான் போகவில்லை.

கண்ணாடி பாட்டில் ஆலையில் பத்தொன்பது வருஷம் எனக்கு என்ன வேலை? தட்டிப் பார்ப்பது. விரிசல் விட்ட பாட்டில் இரண்டு குரலில் பேசும். என் கை தாண்டி ஒரு விரிசல் வெளியே போனதில்லை.

இருபதாம் தேதி உன் மாமா என்னை மறதி டாக்டரிடம் கூட்டிப் போகிறானாம். போனில் பேசினால் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறான், அதனால்தான் கடிதம். ஒன்றே ஒன்று சொல். அந்தச் சத்தம் இருந்ததா, இல்லையா?

பாட்டி


பிப்ரவரி 14

என் செல்லப் பாட்டிக்கு,

உன் கடிதத்தைப் பஸ்ஸிலேயே படித்தேன். இப்படியா பயப்படுவது!

சாதாரணமாக இந்த மென்பொருள் கீழ் ஸாவிலிருந்து மேல் ஸா வரை பன்னிரண்டு சமமான படி வைத்திருக்கும். உன் மூன்றாவது ஸ்வரம் இரண்டு படிகளுக்கு நடுவே விழுகிறது. உன் பாட்டை அளந்து, ஒவ்வொரு ஸ்வரமும் எங்கே விழுகிறது என்று ஒரு பட்டியல் எழுதி உள்ளே ஏற்றியிருக்கிறேன். நேற்று அந்தப் பட்டியலை மறுபடி பார்த்தேன். எண்கள் எல்லாம் சரி. நீ பாடியது போலவே இருக்கிறது.

ஒருவேளை அந்த அறையின் எதிரொலியாக இருக்கலாம். வயதானால் காது கொஞ்சம் விளையாட்டுக் காட்டும் என்கிறார்கள். மாமாவுக்கு ஒரு நிம்மதி, சும்மா போய்விட்டு வா.

ஒரு நல்ல சேதி: ஸ்டுடியோவில் வேலை கிடைத்துவிட்டது! அடுத்த வாரம் சேர்கிறேன். நீதான் முதலில் வாழ்த்த வேண்டும்.

முத்தங்களுடன்,
உன் சுண்டு


பிப்ரவரி 23

சுண்டு,

வேலைக்கு வாழ்த்து. நன்றாக இரு.

போனேன். டாக்டர் மூன்று சொல் சொல்லி ஞாபகம் வைக்கச் சொன்னார்: குடை, ரயில், எலுமிச்சை. இன்னும் ஞாபகம் இருக்கிறது, சாகிற வரைக்கும் இருக்கும். பிறகு, "யாரோ பாடுற மாதிரி கேக்குதாம்மா?" என்றார். இல்லை என்றேன். அன்றைக்கும் கேட்கவில்லையா என்றார். இல்லை என்றேன். என் காது சொன்னதை நானே பொய் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. கூட நின்ற உன் மாமா, "அன்னைக்கு ரெண்டு பேர்னு சொன்னியேம்மா" என்றான். அப்புறம் கடிகாரம் வரையச் சொன்னார்கள். அவன் சொன்னதையே நினைத்துக்கொண்டு வரைந்ததில், எண்ணெல்லாம் ஒரே பக்கம் போய் விழுந்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் காஸ் ரெகுலேட்டரைக் கழற்றி அலமாரியில் பூட்டினான். வாசல் சாவியையும் வாங்கிக்கொண்டான். "உன் நல்லதுக்குத்தாம்மா." பக்கத்து வீட்டு நர்சு ஜன்னல் வழியாக இந்தக் கடிதத்தை வாங்கிப் போய்ப் பெட்டியில் போடுவாள்.

குழாய் சொட்டினால் ஒரு குழாயா இரண்டு குழாயா என்று நின்று கேட்கிறேன். பின்பக்க அறையில் கிடந்த பெட்டிகளை எல்லாம் மருமகள் வெளியே எடுத்து வைக்கிறாள். எதற்கு என்று கேட்டேன். சுத்தம் பண்ணுகிறாளாம். அந்தக் கதவில் தாழ்ப்பாள் எந்தப் பக்கம் என்று போய்ப் பார்த்தேன். வெளிப்பக்கம்.

எண்கள் சரி என்று எழுதினாய். அப்படியென்றால் கெட்டுப்போனது நான்தானா?

பாட்டி


மார்ச் 2

பாட்டி,

எண்கள் சரி என்று நான் எழுதியது உண்மை. ஆனால் பாதிதான்.

மென்பொருளில் ஒவ்வொரு வாத்தியத்துக்கும் அந்தப் பட்டியலைத் தனித்தனியாக ஏற்ற வேண்டும். அன்று புல்லாங்குழலுக்கு அடியில், கனமாகக் கேட்கட்டும் என்று ஒரு வயலினையும் சேர்த்திருந்தேன். குழலுக்கு ஏற்றினேன். வயலினுக்கு மறந்துவிட்டேன். ஒரே கட்டையில் குழல் உன் ஸ்வரத்தைப் பாடியது, வயலின் பழைய படியில் நின்று பாடியது. இரண்டு பேர், பாட்டி. நீ சொன்ன அதே இரண்டு பேர்.

நீ வாய் திறந்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. ஸ்டுடியோக்காரர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். இவ்வளவு சின்ன விஷயத்தில் கோட்டை விட்டேன் என்று தெரிந்தால் வேலை போய்விடும் என்று பயந்து, சத்தமில்லாமல் வயலினை நிறுத்தினேன். அதனால்தான் அவள் "போயிட்டா". அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை, உன்னால் முடிந்தது. அதைச் சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. பிறகு நீ கேட்டு எழுதியபோதும் வரவில்லை.

மாமாவுக்கும் இதையெல்லாம் தனியாக எழுதிவிட்டேன். என்னை மன்னித்துவிடு பாட்டி. ஞாயிற்றுக்கிழமை வரட்டுமா?

சுண்டு


மார்ச் 8

சுண்டு,

உன் மாமா உன் கடிதத்தை நின்றபடியே படித்தான். ரெகுலேட்டரை மாட்டினான். சாவியை என் உள்ளங்கையில் வைத்தான், முகத்தைப் பார்க்கவில்லை. "பயந்துட்டேம்மா" என்றான். அவன் பயம் அவனுக்கு. அதை நான் விட்டுவிட்டேன். மருமகள் பெட்டிகளை மறுபடி உள்ளே தள்ளினாள். அவள் சிரித்த சிரிப்புக்கு ஒரு வருஷம் பேசாமல் இருக்கலாம் என்று நினைத்தேன். மூன்று நாளில் முடித்துக்கொண்டேன், ஏனென்றால் அவள் எனக்கு வேண்டியிருக்கிறது.

எதற்கு என்று சொல்கிறேன். இன்று பருப்பு வைத்தேன். குக்கர் மூன்று விசில் அடித்தது. மூன்றுதான் என்று தெரியும். தெரிந்தும் அடுப்பை அணைக்கவில்லை. கூடத்துக்குப் போய், "மூணா, நாலா?" என்று அவளிடம் கேட்டேன். "மூணுதான் அத்தை" என்றாள். அப்புறம்தான் அணைத்தேன். எழுபத்தாறு வயதில் முதல் தடவையாக இன்னொருத்தி காதைக் கடன் கேட்டேன். சாவி திரும்பி வந்துவிட்டது, என் காது வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வா. வயிறாரச் சாப்பிடு. பாட்டைப் போட்டுக் காட்டு, எங்கே தப்பு என்று சொல்கிறேன். வீட்டை விட்டு உன்னைத் தள்ளமாட்டேன், உன் அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லமாட்டேன்.

ஆனால் நீ கேட்டது அதெல்லாம் இல்லையே, மன்னிப்பு. அதை வேறு யாருக்கு வேண்டுமானாலும் கொடுப்பேன். கையில் பதிலை வைத்துக்கொண்டு, இருபதாம் தேதிக்கு ஆறு நாள் முன்னால், சும்மா போய்விட்டு வா என்று எழுதி முத்தமும் வைத்து அனுப்பினவள் ஒருத்தி இருக்கிறாள். அவளை மட்டும் மன்னிக்கமாட்டேன். என் மகள் பெற்ற மகள் அவள். நீதான்.

பாட்டி