பின்னோக்கி நடப்பவள்

செப்டம்பர் 4, வியாழன்

என் முன்னாள் புருஷன் டுவேன் வெளியே வந்துவிட்டான். சிறை அலுவலகத்திலிருந்து போன். அவன் விடுதலை ஆனால் எனக்குத் தெரிவிக்க வேண்டுமாம். பதிவு செய்த குரல்தான், மனுஷக் குரல்கூட இல்லை. என் பக்கத்தில் அவன் வரக்கூடாது என்று கோர்ட் உத்தரவு இருக்கிறது. காகிதம் வந்து கதவைப் பிடித்துக்கொள்ளுமா?

நான் கொலம்பஸில் இருப்பது அவனுக்குத் தெரியாது. தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

செப்டம்பர் 6, சனி

சனிக்கிழமைச் சுற்று: ஊரின் பெயர்பெற்ற கட்டடங்களை நடந்தபடியே காட்டுவது என் வேலை. இலவசம். டிக்கெட் கிடையாது, பெயர் கேட்பதில்லை. நூலக வாசலில் வந்து நிற்கிறவர்கள் எல்லாரும் என் கூட்டம். இத்தனை நாள் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். இன்று அதைச் சொல்லவில்லை. யார் வேண்டுமானாலும் வரலாம் என்றால் அவனும் வரலாம்.

கூட்டத்தைப் பார்த்தபடி பின்னோக்கி நடப்பது வழிகாட்டிகளின் வழக்கம். ஊசிக் கோபுரத் தேவாலயத்தில் எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். நான் முகங்களைப் பார்த்தேன். டுவேன் மாதிரியே தொப்பி வைத்த ஒருவரைக் கண்டதும், கட்டிய வருஷத்தைத் தப்பாகச் சொன்னேன். பக்கத்து மாநிலம் ஒஹையோவிலிருந்து வந்த பல் டாக்டர், பாவம்.

செப்டம்பர் 10, புதன்

ஆர்லீனிடம் சொல்லிவிட்டேன். எனக்கு இந்தச் சுற்றைப் பழக்கியவள்; எழுபது தாண்டியும் வாய் ஓயாது. இனி சுற்றுக்கு நான் வரவில்லை என்றேன். பெர்சிமன் பழத்தில் செய்த புட்டிங் கிண்ணத்தை என் பக்கம் தள்ளினாள்.

"நீ வீட்டைப் பூட்டிக்கிட்டு உக்காந்தா, அவனுக்குப் பதிலா நீ ஜெயிலுக்குப் போன மாதிரிடி. பேசாம வா. நான் கடைசி ஆளா வர்றேன். என் முட்டிக்கும் நடை வேணும்."

சிரித்தேன். வீட்டுக்கு வந்து அழுதேன்.

செப்டம்பர் 13, சனி

வந்தான்.

எழுதிவிடுகிறேன்.

தேவாலயத்தைத் தாண்டும்போது கூட்டத்தில் ஒரு ஆள் கூடுதலாக இருந்தான். தாடி புதுசு. நடை அவனுடையது. நான் பேசிக்கொண்டே இருந்தேன் — எப்படிப் பேசினேன்? அடுத்தது கண்ணாடி வங்கி. ஒளிய இடமே இல்லாத கட்டடம் என்று அங்கே எப்போதும் சொல்வேன். இன்றும் சொன்னேன். பிறகு வாய் தானாகப் பேசியது.

"பின்னாடி தாடி வச்சுக்கிட்டு நிக்கிறாரே, அவர் என் முன்னாள் புருஷன். என் பக்கத்துல வரக்கூடாதுன்னு கோர்ட்டு சொல்லியிருக்கு."

கூட்டம் முழுக்கத் திரும்பியது. வங்கிக்குள் இருந்தவர்களும் கண்ணாடி வழியாகப் பார்த்தார்கள்.

"சும்மா பேசத்தானே வந்தேன், ஜானெல்," என்றான். அதே மெல்லிய குரல். அடி விழுவதற்கு முன்னால் வருகிற குரல்.

யாரும் நகரவில்லை. ஆர்லீன் அதற்குள் போலீசுக்குப் போன் செய்துவிட்டாள். ஒரு பெரியவர் தன் மடக்கு நாற்காலியை எனக்கும் அவனுக்கும் நடுவில் விரித்து, அதில் உட்கார்ந்துகொண்டார். போலீஸ் வரும்வரை எழுந்திருக்கவில்லை.

செப்டம்பர் 14, ஞாயிறு

அவன் உள்ளேதான் இருக்கிறான் என்கிறார்கள். என் உடம்பு நம்ப மாட்டேன் என்கிறது.

அக்டோபர் 4, சனி

நல்ல கூட்டம். மேப்பிள் மரங்கள் சிவக்கத் தொடங்கிவிட்டன. ஆர்லீன் முட்டியைத் திட்டிக்கொண்டே கடைசியில் வந்தாள். வங்கியைத் தாண்டி எதையோ காட்டத் திரும்பினேன். அப்படியே, கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தெருமுனைவரை நடந்துவிட்டேன். அங்கே போய்த்தான் எனக்கே தெரிந்தது.