வலியில்லாத நாலு வருஷம்

பாப்பா அம்மாவுக்கு,

நான் சுகம். நீயும் பாப்பாவும் சுகம்தானே? மூட்டுவலி ஊசி தவறாமல் போட்டுக்கொள்கிறேன்.

நேற்று ஒரு வேடிக்கை. இந்த ஊசியால் பலன் உண்டா என்று எங்களைப் போன்ற நோயாளிகளையே கேட்க ஆஸ்பத்திரியில் கூட்டம் வைத்தார்கள். டாக்டரம்மா என்னிடம், "இந்த வலியோட இன்னும் பத்து வருஷம் உயிரோட இருப்பீங்கன்னு வச்சுக்குங்க. வலியே இல்லைன்னா எத்தனை வருஷம் உயிரோட இருந்தா போதும்?" என்றார். அன்று காலையில் சட்டைப் பட்டன் போட முடியாமல் பட்ட பாட்டில், "நாலு போதும்" என்றுவிட்டேன்.

நாலு வருஷத்தில் பாப்பா எட்டாவதுதான் படிப்பாள் என்பது பஸ்ஸில்தான் உறைத்தது. இறங்கித் திரும்பி ஓடி, "பத்துன்னு மாத்துங்க" என்றேன்.

"இது வெறும் கணக்குதாங்க. ஆனா எல்லாரும் பத்துன்னு சொன்னா, வலி பெரிசில்லைன்னு மேலே இருக்கிறவங்க ஊசியையே நிறுத்தினாலும் நிறுத்திடுவாங்க" என்றார். அடுத்த மாதம்வரை யோசிக்கச் சொல்லியிருக்கிறார்.

பயப்பட ஒன்றுமில்லை. எழுத்து கோணியிருப்பது விரலால்தான்.

பட்டன் இல்லாமல் தலைவழியே மாட்டுகிற சட்டை இரண்டு அனுப்பு. பட்டறையில் வேலைக்குச் சங்கு ஊதிவிட்டது, போகவேண்டும். நான் எத்தனை சொல்லட்டும் என்று உடனே எழுது. பாப்பாவைக் கேட்காதே, அவள் நூறு என்பாள்.

பாப்பா அப்பா